டிராகனிலிருந்து யாளிக்கு: வேலூரில் புத்தகம் தேட எந்த வழி?

அக்கா மகள் பிளஸ் டூ பரீட்சை முடித்த மறுநாள் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். "மாமா, புத்தகம் வாங்க மாசம் ஐந்நூறு ரூபா தர்றேன்னு அப்பா சொல்லிட்டாரு. எங்க போய் வாங்கலாம்?" கையில் போன். அதில் ஆறு புத்தகங்களைக் குறித்து வைத்திருந்தாள். ஆறும் டிராகன் வரும் கதைகள். ஒன்றைத் தொட்டதும் மற்ற ஐந்தையும் அந்த இணையக் கடையே எடுத்து நீட்டியிருந்தது.

அவள் பின்னாலேயே அக்கா வீட்டுக்காரர். இராணிப்பேட்டை டேனரியில் தோல் தரம் பிரிக்கும் வேலை, முப்பது வருஷமாக. பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார். தலைவர்களின் வாழ்க்கை வரலாறு கிடைத்தால் அதையும் படிப்பார். கதை மட்டும் ஆகாது. "நடக்காதத எழுதி வெச்சிக்கிறான். அதப் படிச்சி இன்னாடா ஆவப்போவுது?"

ஒரே வீட்டில் இரண்டு வாசகர்கள். மகள் மாயக்கதையை விட்டு வெளியே வர மாட்டாள், அப்பா உள்ளே நுழைய மாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 500 ரூபாய். சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு இந்தப் பணத்தில் இரண்டு பேருக்கும் புது வகைப் புத்தகங்களைக் காட்ட எது நல்ல வழி? எட்டு மாதம் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. இன்றைக்குத் தமிழில் 250 பக்க நாவல் 300 ரூபாயைத் தொடுகிறது. 500 ரூபாய்க்கு மாதம் ஒரு புத்தகம், மிஞ்சினால் இரண்டு. காசை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்கள் தெரியாத புத்தகத்தில் கை வைக்க மாட்டார்கள். ஏற்கெனவே பிடித்ததைப் போலவே இன்னொன்றை வாங்குவார்கள். அதனால் நான் ஒவ்வொரு வழியிலும் இரண்டு விஷயங்களைத்தான் பார்த்தேன். புத்தகம் பிடிக்காமல் போனால் எவ்வளவு நஷ்டம் என்பது ஒன்று. அங்கே புத்தகங்களை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவதை நாம் யாரும் யோசிப்பதில்லை. நூலகம் பொருள் வாரியாக அடுக்குகிறது. புத்தகத் திருவிழா பதிப்பக வாரியாக அடுக்குகிறது. இணையக் கடை, போன தடவை நாம் எதைத் தொட்டோமோ அதை வைத்து அடுக்குகிறது. பழைய பேப்பர் கடையில் பெரிய புத்தகம் கீழே, சின்னது மேலே. நம் கண்ணில் எது படும், எது கடைசி வரை படாமலே போகும் என்பது இந்த அடுக்கில்தான் இருக்கிறது.

நூலகத்திலிருந்து தொடங்குகிறேன். அதற்கு நாம் ஏற்கெனவே காசு கட்டிவிட்டோம். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தால் அமைந்த ஏற்பாடு இது. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது. புத்தக அலமாரியைப் பூட்டி வைக்காதீர்கள், வாசகர் நேரே போய் எடுத்துப் புரட்டட்டும் என்று அவர் வாதாடியதும் இதற்காகத்தான். எழுதிக் கேட்டால் எடுத்துத் தரும் நூலகத்தில், பெயர் தெரிந்த புத்தகம் மட்டும்தான் கைக்கு வரும்.

எங்கள் கிளை நூலகத்தில் சேரச் சொற்பத் தொகைதான். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் மாலையில் போகலாம். எடுத்த புத்தகம் பத்துப் பக்கத்தில் சலித்துவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம், நஷ்டம் பூஜ்யம். துணிந்து கை வைக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் குறையையும் சொல்லிவிட வேண்டும். வரலாறு, அறிவியல், வாழ்க்கை வரலாறு, மருத்துவம் எல்லாம் பொருள் வாரியாகத் தனித்தனியாக இருப்பதால் கட்டுரை நூல் தேடுகிறவருக்கு வழி சுலபம். மாயக்கதைக்கு அங்கே அலமாரியே கிடையாது. குடும்பக் கதையும் துப்பறியும் கதையும் மாயக்கதையும் 'நாவல்' என்ற ஒரே பலகையின் கீழே கலந்து கிடக்கின்றன. முதல் நாள் அக்கா மகள் அந்த அலமாரி முன்னால் அரைமணி நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தாள். மாயக்கதை வேண்டுமென்றால் சிறுவர் பகுதிக்கும் நாட்டார் கதைப் பகுதிக்கும் போக வேண்டும். கூடு விட்டுக் கூடு பாய்கிறவன், ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்திருக்கிற அரக்கன் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு 'சிறுவர்' என்று எழுதிய பலகையைக் கடந்து உள்ளே போக முதலில் கூச்சம். நூலகர் மேடமே கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

புதுப் புத்தகங்கள் அங்கே வந்து சேர நாளாகும் என்பதும் உண்மை. போன மாதம் வெளியானதைக் கேட்காதீர்கள்.

ஆனால் நூலகத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அலமாரி அல்ல. மேடத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மேசை இருக்கிறது. வாசகர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் திரும்ப அடுக்கப்படும் வரை அதில் குவிந்து கிடக்கும். அந்த நூலகத்தில் எந்த அடுக்குக்கும் கட்டுப்படாத இடம் அது ஒன்றுதான். சமையல் குறிப்பின் மேல் சரித்திர நாவல், அதன் மேல் பாம்புகளைப் பற்றிய நூல். எல்லாமே இந்தப் பகுதியில் யாரோ ஒருவர் மெனக்கெட்டு வீட்டுக்குக் கொண்டுபோனவை. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் முத்திரை நெருக்கமாக விழுந்திருந்தால் இந்த ஊர் அதைப் படித்திருக்கிறது என்று அர்த்தம். எந்த விமர்சனத்தையும்விட எனக்கு அந்தச் சீட்டின் மேல் நம்பிக்கை.

அந்த மேசையில்தான் ஒரு நாள் அவள் கண்ணில் கோயில் சிற்பங்களைப் பற்றிய நூல் ஒன்று பட்டது. அட்டையில் யாளி. பின்னங்காலில் எழும்பி, வாயைப் பிளந்து, கண் பிதுங்க நிற்கிற யாளி. "மாமா, இது நம்ம ஊரு டிராகன்!" அந்த ஞாயிற்றுக்கிழமையே கோட்டைக்குப் போனோம். ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு அவள் எத்தனையோ தடவை வந்திருக்கிறாள், பிரசாதத்துக்கும் அகழி ஓரக் காற்றுக்கும். கல்யாண மண்டபத்துத் தூண்களை நின்று பார்த்தது அன்றைக்குத்தான். விஜயநகர காலத்து வேலைப்பாடு. ஒரு தூணில் யாளியின் மேல் வீரன், அதன் காலடியில் இன்னொரு மிருகம், எல்லாம் ஒரே கல். கீழே உட்கார்ந்து புத்தகத்தையும் தூணையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மூலவர் இல்லாமலே நெடுங்காலம் கிடந்த கோயில் இது, 1981இல்தான் லிங்கத்தைத் திரும்ப வைத்தார்கள் என்று சொன்னேன். "அதப் பத்தியும் புத்தகம் இருக்கா?" என்றாள். மாயக்கதை மட்டுமே படித்த பெண் கட்டுரை நூலுக்குள் நுழைந்தது இப்படித்தான். இணையக் கடையாக இருந்தால் ஏழாவதாகவும் ஒரு டிராகனைத்தான் காட்டியிருக்கும்.

புத்தகத் திருவிழாவுக்கு வருகிறேன். சென்னையில் பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி 1977 முதல் நடத்துகிறது, பொங்கலை ஒட்டி. 2022க்குப் பிறகு அரசு ஆதரவோடு மாவட்டங்களிலும் நடக்கிறது, வேலூருக்கும் வருகிறது. வழக்கமாக 10 சதவீதம் தள்ளுபடி. காட்பாடியிலிருந்து சென்னை 130 கிலோமீட்டர், ஏலகிரி எக்ஸ்பிரஸில் காலையில் ஏறினால் இரவு வீட்டில் இருக்கலாம். ஆனால் 1,500 ரூபாய்க்கு வாங்கினால் தள்ளுபடி 150 ரூபாய். ரயில், பஸ், மதியச் சாப்பாடு என்று அது போய்விடும். சென்னைத் திருவிழா நடக்கும் நந்தனம் மைதானத்தின் பிரம்மாண்டத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், மறுக்கவில்லை. வருஷா வருஷம் போக நம் ஊர்த் திருவிழாவே போதும்.

அங்கே அடுக்கு, பதிப்பகத்துக்கு ஒரு கடை என்ற கணக்கு. இது முதலில் குழப்பும். சரித்திர நாவல் வேண்டுமென்றால் எந்தக் கடை என்று பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் நாலைந்து கடைகளின் குணம் தெரிந்துவிட்டால் இதுவே பலம். சாகித்திய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் போடும் கடைகளை நான் விடவே மாட்டேன். அகாதெமி 1954இலும் டிரஸ்ட் 1957இலும் தொடங்கியவை. வங்காளம், மலையாளம், கன்னடத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்புகளை மற்றவர்களைவிடக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். அகாதெமியின் 'இந்திய இலக்கியச் சிற்பிகள்' வரிசைச் சிறு நூல்கள் ஒரு பஸ் பயணத்தில் முடிந்துவிடும். ஓர் எழுத்தாளரை முழுசாகப் படிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவ்வளவு போதும். புதிய மாயக்கதை, அறிவியல் கதை, காமிக்ஸ் மூன்றுக்கும் திருவிழாவுக்கு நிகர் இல்லை. நூலகத்துக்கு இவை வர வருஷக்கணக்காகும். ஒரு எச்சரிக்கை: முதல் நாள் சுற்றிப் பார்க்க மட்டும் போங்கள், பர்ஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இரண்டாம் நாள் வாங்குங்கள். முதல் நாள் அட்டைக்காக வாங்கிய புத்தகங்களில் பாதியை நான் இன்னும் திறக்கவில்லை.

பழைய புத்தகத்துக்கு வேலூரில் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரிகள் நிறைந்த ஊர். பழைய புத்தகக் கடை என்றால் பொறியியல், நர்சிங், போட்டித் தேர்வு கைடுகள்தான் மலை மாதிரி. நான் போவது எங்கள் தெரு முனையில் இருக்கும் பழைய பேப்பர் கடைக்கு. கிலோ கணக்கில் எடைக்குப் போட்டதைக் கடைக்கார அண்ணன் பத்து, இருபது ரூபாய்க்குத் தருவார். அங்கே எனக்குக் கிடைத்தவற்றிலேயே பெரிய சொத்து ஒரு பைண்டிங். வாரப் பத்திரிகையில் வந்த சரித்திரத் தொடரை யாரோ வாரா வாரம் கிழித்து, ஊசியால் தைத்து, காக்கி அட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே முதல் பக்கத்தில் மசியால் ஒரு பெண்ணின் கையெழுத்தில் அத்தியாயக் கணக்கு. தொடரின் ஒவ்வொரு தாளுக்கும் பின்பக்கத்தில் வேறு ஏதோ பாதி இருக்கிறது. ஒன்றில் நிலாப் பயணத்தைப் பற்றிய கட்டுரையின் வால், ஒன்றில் சித்த வைத்தியக் குறிப்பு, ஒன்றில் கேள்வி பதில். இளவரசி சுரங்கத்தில் இறங்குகிறாள், திருப்பினால் ராக்கெட் எரிபொருள். நம் பெற்றோர் இப்படித்தான் எல்லா வகையையும் ஒரே வாரத்தில், ஒரே தாளில் படித்தார்கள். ஒன்றைத் தேடிப் போனவருக்கு இன்னொன்று தானாகக் கைக்கு வந்தது.

போனில் கிடைக்கும் இலவச நூல்களை அக்கா வீட்டுக்காரருக்காகப் பார்த்தேன். இராணிப்பேட்டைக்குப் போக வர தினமும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் அவருக்குச் சும்மா போகிறது. மதுரைத் திட்டம் 1998 முதல் தன்னார்வலர்களின் உழைப்பில் நடக்கிறது. சங்கப் பாடல் முதல் பாரதி வரை தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் படமாக இருக்கின்றன. ஒருவர் மறைந்து 60 ஆண்டு கடந்தால் அவர் எழுத்துக்குக் காப்புரிமை கிடையாது. அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களும் நிறையப் பேர். அதனால் இங்கே பழையது கடலாகக் கிடக்கிறது, புதியது சொற்பம். இங்கே அடுக்கு என்று எதுவும் இல்லை. ஒரு சொல்லைப் போட்டுத் தேடுவதுதான் வழி. எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரிந்தவருக்கு இது பொக்கிஷம்.

அவருக்காக நான் போட்ட சொல் 'வேலூர்'. வேலூர் அன்றைக்கு இருந்த வடார்க்காடு மாவட்டத்துக்கு ஆர்தர் காக்ஸ் தொகுத்து 1881இல் வெளியான மேனுவல், அதாவது மாவட்டக் கையேடு, இணையத்தில் படமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துச் சொன்னேன். கேட்டார், ஆனால் 1806க்கு வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் எழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதன் காரணங்களில் ஒன்று, புதிதாகக் கொண்டுவந்த தலைப்பாகையில் செருகச் சொன்ன தோல் சின்னம். நூலகத்தில் எடுத்த வரலாற்று நூலில் அந்த வரி வந்ததும் "இன்னா தோலு?" என்றார். மாட்டுத் தோலோ பன்றித் தோலோ என்று இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் சந்தேகப்பட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. முப்பது வருஷம் தோலைத் தொட்டுத் தரம் சொன்ன கை அது. "தொட்டுப் பாத்தாலே தெரிஞ்சிருக்குமேடா. சொல்லியும் அவன் கேக்கலியா?" என்றார். கிளர்ச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்த பக்கம்தான் அவர் தினமும் வேலைக்குப் போகிறார் என்று சொன்னதும் இன்னும் நெருங்கிவிட்டது.

அடுத்த வாரம் அவரே ஒரு கேள்வியோடு வந்தார். "அந்த ராத்திரி கோட்டைல காவலுக்கு நின்ன சிப்பாய் இன்னா நெனச்சிக்கினு இருந்திருப்பான்?" மேனுவலில் அதற்குப் பதில் இல்லை. வரலாற்று நூலிலும் இல்லை. "அது கதை எழுதறவன் வேலை, மாமா" என்று சொல்லி அந்தக் காக்கி பைண்டிங்கைக் கொடுத்தேன். வேறு காலம், வேறு கோட்டைதான். ஆனால் அதிலும் ஒருவன் இரவுக் காவலுக்கு நிற்கிறான். மூன்று நாளில் பாதியைத் தாண்டிவிட்டார்.

இணையத்தில் காசு கொடுத்து வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர் தெரிந்த புத்தகத்தை வாங்க அது மிக வசதி. தேடிக் கண்டுபிடிக்க அதை நம்பாதீர்கள். மலிவாக இருக்கிறதே என்று ஒரு கடையில் வாங்கினேன். வந்தது திருட்டுப் பதிப்பு. எழுத்து மங்கல், 96ஆம் பக்கத்துக்கு அடுத்து 113. நடுவில் ஒரு ஃபாரம், முழுசாகப் பதினாறு பக்கம் காணோம். அதற்குப் பிறகு பதிப்பகத்திடமே நேராக வாங்குகிறேன். கிண்டிலில் மட்டும் ஒரு நல்ல வசதி இருக்கிறது: புத்தகத்தின் தொடக்கப் பகுதியை மாதிரியாக இலவசமாகப் படிக்கலாம். கட்டுரை நூலுக்கு அந்த மாதிரி போதும், ஆசிரியரின் பேச்சு பிடிபட்டுவிடும். மாயக்கதைக்குப் போதாது. அந்த உலகம் நமக்குப் பழகுவதற்குள் மாதிரி முடிந்துவிடும்.

மனிதர்களிடம் கேட்பதும் ஒரு வழிதான். 'நல்ல புத்தகம் எது?' என்று கேட்டால் மரியாதைக்காகப் பெரிய பெயர்களைச் சொல்வார்கள். 'கடைசியா எந்தப் புத்தகத்துக்காகத் தூக்கத்தை விட்டீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். மேடம் ஒரு கணம் யோசித்துவிட்டு, வௌவால்களைப் பற்றிய நூல் என்றார்.

இனி முடிவு. வேலூர் நகரில் இருப்பவர், கையில் மாதம் 500 ரூபாய் என்றால், நான் அக்கா வீட்டில் சொன்னது இதுதான். அடித்தளம் நூலகம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, முதலில் அந்த மேசை, பிறகுதான் அலமாரி. மாதம் 100 ரூபாய் பழைய பேப்பர் கடைக்கு. மீதி 400ஐ உண்டியலில் போடுங்கள். திருவிழா வரும்போது 4,800 இருக்கும். தள்ளுபடியோடு 5,300 ரூபாய் மதிப்புக்குப் புத்தகம். அதில் பாதியை நூலகத்தில் படித்து, சொந்தமாக வேண்டும் என்று தோன்றியதற்கு வையுங்கள். மீதிப் பாதியை இதுவரை கை வைக்காத வகைக்கு. மகளுக்கு மாயக்கதை அதிகம் வேண்டுமென்பதால் திருவிழாப் பணத்தில் பெரிய பங்கு அவளுக்கு. அப்பாவுக்கு நூலகமும் போனும் போதும். பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு இந்த வரிசை மாறும். அங்கே போன்தான் முதலில், ஊர்ப்புற நூலகம் எந்த நேரம் திறக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு அடுத்தபடியாக அது.

போன செவ்வாய்க்கிழமை சிற்ப நூலைத் திருப்பிக் கொடுக்க அவளோடு நானும் போனேன். பின்பக்கச் சீட்டைக் காட்டினாள். அவளுக்கு முன்னால் அதை ஒருவர் எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது, அவருக்கு முன்னால் விழுந்த முத்திரை 2011. மேடம் பதிவு செய்துவிட்டு அலமாரியில் வைக்க எழுந்தார். "வேணாம் மேடம், இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி வாங்கி, மேசையில் கிடந்த குவியலின் மேல், யாளி தெரியும்படி அட்டையைத் திருப்பி வைத்தாள்.